வாயிற்படியும் சாய்தளமும்

2001-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பௌதிக விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியாவுக்கு விஜயம் செய்தார். மும்பையில் நடைபெற்ற விஞ்ஞான மாநாட்டில் பங்குகொண்டபின் தில்லிக்கு வந்த அவர், இந்நகரின் புராதனச் சின்னங்களைக் காண விரும்பினார். பிரபஞ்சத்தின் தோற்றத்தையும் கருந்துளைகளின் இயல்பையும் கணக்கிட்டறிந்த அப்பேரறிஞர், தசைகளையும் நரம்புகளையும் முடக்கும் நோயினால் பல்லாண்டுகளாகச் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து வந்தார் என்பதை வாசகர்கள் அறிவர். குதுப் மினார், ஜந்தர் மந்தர் போன்ற இடங்களில் அவருக்கு இடையூறாக நின்றவை சில கற்படிகளே. தில்லியில் மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காக உழைத்து வந்த ஜாவேத் அபிதி என்பவர் இதனை எடுத்துக்காட்டி வற்புறுத்தியதன் பேரில், தொல்பொருள் ஆய்வுத் துறையினர் மரப்பலகைகளாலான தற்காலிகச் சாய்தளங்களை அமைத்தனர். ஹாக்கிங் அவற்றின் வழியே சென்று சின்னங்களைப் பார்வையிட்டார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கத்தக்கவை இரண்டு உண்டு. பல நூற்றாண்டுகளாக அசையாது நின்ற தடையொன்றைச் சில பலகைகள் அகற்றிவிட்டன என்பது முதலாவது. இந்தியாவில் சக்கர நாற்காலியில் அமர்ந்த பல்லாயிரவர் அதுவரை அதே படிகளின் அடியில் நின்று திரும்பியிருக்க, உலகப் புகழ் பெற்ற ஒருவர் வந்த பின்னரே பலகைகள் இடப்பட்டன என்பது இரண்டாவது. முதலாவது பொறியியலைச் சார்ந்தது. இரண்டாவது நம்மைச் சார்ந்தது. இக்கட்டுரை இரண்டைப்பற்றியும் கூற முற்படுகிறது.

தடை எங்கே உள்ளது?

2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் மாற்றுத் திறனாளிகளின் எண்ணிக்கை 2 கோடியே 68 லட்சமாகும். அதாவது மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு 2.21 பேர். இவர்களுள் ஏறத்தாழ 54 லட்சம் பேர் கை கால் இயக்கத்தில் குறையுடையவர்கள். பார்வைக் குறையுடையோரும் செவிப்புலன் குறையுடையோரும் தனித்தனியே சுமார் 50 லட்சம் பேர். அதே கணக்கின்படி 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேற்பட்டிருந்தனர். முழங்கால் வலியுடைய மூதாட்டி, கருவுற்ற பெண், கைக்குழந்தையை இடுப்பில் சுமந்த தாய், தலைச்சுமையுடன் வரும் கூலியாள், எலும்பு முறிந்து ஊன்றுகோலுடன் நடக்கும் மாணவன் ஆகிய எல்லோரையும் சேர்த்து நோக்கினால், படிகளால் இடர்ப்படுவோர் சிறுபான்மையினர் அல்லர் என்பது விளங்கும்.

முன்னாளில், தபாலாபீசுக்குள் ஒருவர் செல்ல இயலவில்லையெனில் அதற்குக் காரணம் அவரது காலிலுள்ள குறையே என்று கருதப்பட்டது. இன்றைய அறிவு இக்கருத்தை மாற்றிவிட்டது. தபாலாபீசின் வாயிலில் மூன்று படிகள் உள்ளன. கால் வலுவுள்ளவர் ஏறிவிடுகிறார். சக்கர நாற்காலியில் உள்ளவர் ஏற இயலவில்லை. அவ்வாயிலில் தக்கதொரு சாய்தளம் அமைத்துவிட்டால் இருவரும் செல்கின்றனர். நாற்காலியில் உள்ளவரின் உடல்நிலையில் எத்தகைய மாறுதலும் நேரவில்லை. மாறியது கட்டிடம் மாத்திரமே. ஆகவே தடை மனிதரிடத்தில் இருந்ததா, கட்டிடத்தில் இருந்ததா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஒரு சிறு வரலாறு

இரண்டாம் உலக யுத்தத்தில் காயமுற்றுத் திரும்பிய போர்வீரர்களும், இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட குழந்தைகளும் மேல்நாடுகளில் இப்பிரச்னையை முன்னணிக்குக் கொண்டுவந்தனர். அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையில், சக்கர நாற்காலியில் பயிலும் மாணவர்களுக்காக உழைத்த திமதி நியூஜென்ட் என்பாரின் ஆராய்ச்சியை ஆதாரமாகக் கொண்டு, 1961-இல் அந்நாட்டின் முதலாவது கட்டிட அளவுத் தரம் வெளியாயிற்று. 1968-இல் அமெரிக்க சர்க்காரின் பணத்தில் கட்டப்படும் கட்டிடங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கும் சட்டம் பிறந்தது. நீல நிறப் பின்னணியில் வெண்ணிறச் சக்கர நாற்காலியைக் காட்டும் சர்வதேசச் சின்னமும் அதே 1968-இல் டென்மார்க் நாட்டு மாணவி சுசான் கோஃபோட் வரைந்ததேயாகும்.

இந்தியாவும் அவ்வாண்டில் உறங்கிக் கிடக்கவில்லை. உடற்குறையுடையோருக்கான கட்டிட வசதிகளைப் பற்றி ஐ.எஸ். 4963 என்னும் இலக்கமுடைய இந்தியத் தரம் 1968-இல் வெளியிடப்பட்டது, 1987-இல் திருத்தப்பட்டது. ஆனால் அது சிபாரிசாக இருந்ததேயன்றிக் கட்டளையாக இருக்கவில்லை. எனவே அத்தரம் நூலக அலமாரிகளில் பத்திரமாக இருக்க, கட்டிடங்கள் அதனை அறியாமலே எழும்பி வந்தன.

1992 டிசம்பரில் பெய்ஜிங் நகரில் கூடிய ஆசிய பசிபிக் பிராந்திய நாடுகள், மாற்றுத் திறனாளிகளின் முழுப் பங்கேற்பையும் சமத்துவத்தையும் பற்றிய பிரகடனம் ஒன்றை வெளியிட்டன. இந்தியா அதனை ஏற்றது. ஆயினும் அதற்கேற்ற மசோதா நிறைவேறாமல் நாட்கள் கடந்தன. 1995 டிசம்பர் 19-ஆம் தேதி, அபிதி முதலானோர் தில்லியில் திரண்டு தர்ணா செய்தனர். அடுத்த சில தினங்களிலேயே, டிசம்பர் 22-ஆம் தேதி, பார்லிமெண்டு மசோதாவை நிறைவேற்றியது. சட்டம் 1996 பிப்ரவரி 7-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. போக்குவரத்து, சாலைகள், கட்டிடங்கள் ஆகிய மூன்றிலும் தடைகளை நீக்கும்படி அது கூறிற்று. ஆனால், பொருளாதார சக்தியின் எல்லைக்குட்பட்டு என்னும் ஒரு நிபந்தனையும் அதனுடன் சேர்ந்திருந்தது. மனமிருந்தவர்களுக்கு அச்சட்டம் வழிகாட்டியது. மனமில்லாதவர்களுக்கு அந்நிபந்தனை புகலிடமாயிற்று.

விமானத்தில் பயணம் செய்யும்போது தாம் உற்ற இன்னல்களை முன்னிட்டு அபிதி சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார். 1998 டிசம்பரில் முடிவுற்ற அவ்வழக்கின் பயனாக, விமானத்துள் செல்லும் குறுகிய நாற்காலிகளும், பயணியை நாற்காலியுடன் விமான வாயில் உயரத்துக்குத் தூக்கும் வாகனங்களும் முக்கிய விமான நிலையங்களில் கவனத்துக்கு வந்தன. அபிதி 2018 மார்ச் மாதத்தில் காலமானார்.

தில்லி கற்ற பாடம்

1990-களின் நடுப்பகுதியில், ஐக்கிய நாடுகளின் ஆசிய பசிபிக் ஆணைக்குழு பாங்காக், பெய்ஜிங், புது தில்லி ஆகிய மூன்று நகரங்களில் பரீட்சார்த்தத் திட்டங்களைத் தூண்டியது. தில்லியில் தெரிந்தெடுக்கப்பட்டது இந்திரப்பிரஸ்த எஸ்டேட் பகுதியில் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பாகும். கட்டிடம் ஒன்றை மட்டும் சீர்திருத்தினால் போதாது. நடைபாதை, சாலையைக் கடக்கும் இடம், பஸ் நிறுத்தம், கட்டிட வாயில் ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்பதே இத்திட்டத்தின் அடிப்படைக் கருத்து. 1998-இல் மத்திய பொதுப்பணித் துறையும், தடையற்ற கட்டிடச் சூழலுக்கான அளவுகளைத் தொகுத்து ஒரு கையேடாக வெளியிட்டது.

இக்கருத்துக்களுக்கு விரைவில் ஒரு பெரிய சோதனைக்களம் கிட்டியது. 2002 டிசம்பரில் ஷாதராவிலிருந்து தீஸ் ஹஸாரி வரை தில்லி மெட்ரோ ரயிலின் முதற்பகுதி திறந்துவைக்கப்பட்டது. லிஃப்ட், சாய்தளம், அகன்ற நுழைவாயில், பார்வையற்றோர் காலால் உணர்ந்து செல்லும் தடம், காதுக்கும் கண்ணுக்கும் ஒருங்கே செய்தி சொல்லும் அறிவிப்பு ஆகியவை இம்மெட்ரோவில் இடம் பெற்றன. பிளாட்பாரமும் ரயிலின் தரையும் ஒரே மட்டத்தில் உள்ளன. சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் பிறர் தூக்காமல், பிறரைக் கெஞ்சாமல் வண்டியேறுவது இந்நகரில் அன்றாடக் காட்சியாயிற்று.

மெட்ரோவில் இது எளிதாக நடந்ததன் காரணம் யாது? வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே இவ்வசதிகள் அதில் சேர்க்கப்பட்டன. வாயிலை 900 மில்லிமீட்டர் அகலமாக வரைவதற்கும் 700 மில்லிமீட்டராக வரைவதற்கும் பென்சிலுக்கு ஒரே உழைப்புத்தான். சுவர் எழும்பிய பின்னர் அதே 200 மில்லிமீட்டரைப் பெறுவதற்குக் கொத்தனார், தச்சர், நிதி அனுமதி, டெண்டர், ஓராண்டுக் காலம் ஆகிய அனைத்தும் வேண்டியுள்ளன.

ஆயினும் இதில் ஒரு குறையும் உண்டு. மெட்ரோ நிலையத்தின் லிஃப்டிலிருந்து வெளிப்போந்தவுடன் உயரமான நடைபாதை விளிம்பு, திறந்த சாக்கடை, நிறுத்திவைத்த வாகனங்கள் ஆகியவை எதிர்ப்படுகின்றன. சங்கிலியின் பலம் அதன் மிகப் பலவீனமான கண்ணியின் பலமே. பத்துக் கண்ணிகள் உறுதியாக இருந்து ஒன்று அறுந்தாலும் பிரயாணம் அங்கேயே முடிகிறது.

ஒன்றுக்குப் பன்னிரண்டு

இனி, சாய்தளத்தின் விஞ்ஞானத்தைச் சற்று ஆராய்வோம். சாய்தளம் என்பது பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற எளிய இயந்திரங்களுள் ஒன்று. உயரம் மாறாது; தூரத்தை அதிகரித்து விசையைக் குறைத்துக்கொள்கிறோம். இந்தியத் தரங்கள் அனுமதிக்கும் மிகக் கூடிய சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு பங்கு உயர்வதற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் தரவேண்டும் என்பது இதன் பொருள். உயரம் அதிகமாக உள்ள இடங்களில் ஒன்றுக்குப் பதினைந்து, ஒன்றுக்கு இருபது என்று இன்னும் மென்மையான சரிவே தக்கது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மனிதரும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோகிராம் எடை என்று கொள்வோம். ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில், அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 7.5 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒன்றுக்கு இருபது சரிவில் இது 4.5 கிலோகிராமாகக் குறைகிறது. ஒன்றுக்கு ஆறு சரிவிலோ ஏறத்தாழ 15 கிலோகிராமாக உயர்கிறது. இந்தப் பாரத்தை நாற்காலியில் அமர்ந்தவர் தம் இரு கைகளால் மாத்திரமே, ஒவ்வொரு தள்ளலுக்கும் இடையே பின்னோக்கி உருளாதபடி தாங்கிக்கொண்டு, மேலே செலுத்த வேண்டும். சாண் ஏற முழம் சறுக்கும் என்னும் பழமொழி செங்குத்தான சாய்தளத்தில் உவமையாக நில்லாது உண்மையாகவே நிகழ்கிறது.

இங்கே ஒரு பிழையை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், மொழிபெயர்ப்பதற்காக இக்கட்டுரையாளரிடம் வந்த ஒரு பிரதியில், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றிருக்க வேண்டிய இடத்தில் 12 டிகிரி என்று தட்டெழுதப்பட்டிருந்தது. முதலில் அதனை அவ்வாறே மொழிபெயர்த்தும் விட்டோம். மறுநாள் சரிபார்க்கையில் ஐயம் தோன்றவே, கோண அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது 4.8 டிகிரிதான், நூற்றுவீதத்தில் 8.3. பன்னிரண்டு டிகிரி என்றாலோ சரிவு ஒன்றுக்கு ஐந்தைவிடக் கடுமையாகிறது. 90 கிலோகிராமுக்குரிய இழுவிசை ஏறத்தாழ 19 கிலோகிராம் ஆகிறது. பிரதியைத் திருத்தி அனுப்பினோம்.

அத்துடன் அது முடியவில்லை. வேலை நிமித்தம் நாம் பலமுறை சென்றுவந்த ஒரு காரியாலயத்தின் வாயிலில் சாய்தளம் ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது. அடுத்த முறை செல்லுகையில் அளவு நாடா ஒன்றைக் கொண்டுசென்றோம். படிகள் மூன்று, மொத்த உயரம் 450 மில்லிமீட்டர். சாய்தளத்தின் கிடைநீளம் 2 மீட்டர் 10 சென்டிமீட்டர். சரியாகப் பன்னிரண்டு டிகிரி! ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் கணக்கின்படி அங்கே 5 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளம் தேவை. அது எவ்வாறு அவ்வளவில் அமைந்தது என்பதை நாம் அறியோம். நாம் அளந்துகொண்டிருந்த வேளையில், நாற்காலியில் வந்த முதிய பென்ஷன்தாரர் ஒருவர் கீழே வேப்பமர நிழலில் காத்திருந்தார். அவருடைய பேரன் காகிதங்களை உள்ளே எடுத்துச் சென்றிருந்தான். சாய்தளம் இருக்கிறதே என்று கேட்டோம். அது இருக்கிறது, ஐயா. எனக்காக இல்லை என்றார் அவர். ஒரு டிகிரிக் குறியின் விலை என்ன என்பதை அன்று அறிந்தோம்.

பிற அளவுகள்

சாய்தளத்துடன் வேலை முடிவதில்லை. அதன் அடியிலும் உச்சியிலும் நாற்காலி நின்று திரும்புவதற்குச் சமதளம் வேண்டும். இதற்கு 1,500 மில்லிமீட்டர் விட்டமுடைய வட்டம் அவசியம். நீண்ட சாய்தளத்தில் இடையிடையேயும் இளைப்பாறும் சமதளங்கள் வேண்டும். இரு பக்கமும் கைப்பிடிகள் இரண்டு உயரங்களில், 760 மில்லிமீட்டரிலும் 900 மில்லிமீட்டரிலும், அமைய வேண்டும். கீழ்ப்பிடி சிறுவர்க்கும் நாற்காலியில் உள்ளோர்க்கும், மேற்பிடி நடந்து ஏறுவோர்க்கும் உதவும். கைப்பிடி சரிவு முடிந்த இடத்திலேயே நின்றுவிடாமல் அப்பாலும் 300 மில்லிமீட்டர் நீண்டிருத்தல் வேண்டும். பார்வையற்றவர் சரிவு தொடங்குவதையும் முடிவதையும் அதனால் அறிகிறார். தளத்தின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். அழகுக்காகப் பளபளக்கும் கிரானைட் கல்லைப் பதித்த சாய்தளம் முதல் மழையிலேயே சறுக்கு மரமாகிவிடும்.

கதவின் திறந்த அகலம் 900 மில்லிமீட்டர் இருத்தல் நலம். கதவின் அடியிலுள்ள நிலைப்படி சக்கரத்துக்கு மலையாகும். கழிப்பறை மிகவும் மறக்கப்படும் இடம்; ஆனால் மிகவும் இன்றியமையாத இடமும் அதுவே. உள்ளே நாற்காலி நுழைந்து திரும்ப இடமும், சுவரில் உறுதியான பிடிகம்பிகளும், வெளிப்புறமாகத் திறக்கும் கதவும் வேண்டும். உட்புறமாகத் திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால், அவரைக் காப்பாற்றச் செல்பவரையும் அக்கதவு தடுத்துவிடும். தனக்குரிய கழிப்பறை இல்லாத காரணத்தால் காலை முதல் தண்ணீரே பருகாமல் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவியின் நிலையை ஆசிரியர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

பார்வையற்றோருக்கான தடக்கற்களை ஜப்பானியரான செய்இச்சி மியாகே 1965-இல் கண்டுபிடித்தார். 1967 மார்ச் 18-ஆம் தேதி, ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கருகே அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இக்கற்கள் இருவகைப்படும். நீண்ட கோடுகளை உடையவை செல் என்று வழிகாட்டுவன. வட்டப் புடைப்புகளை உடையவை நில், கவனி என்று எச்சரிப்பன. படிக்கட்டின் தொடக்கத்திலும், வழி திரும்பும் இடத்திலும், பிளாட்பாரத்தின் விளிம்பிலும் வட்டப் புடைப்புகளே இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் குறைபார்வையுடையோர்க்கு உதவும்பொருட்டே தெரிந்தெடுக்கப்பட்டது. இவ்விரண்டு வகைக்கும் பொருள் உண்டென்பதை அறியாமல் அலங்காரமாக மாற்றி மாற்றிப் பதிப்பது, எழுத்துக்களைக் கலைத்து அச்சடிப்பதை ஒக்கும். மரத்தையோ மின்கம்பத்தையோ நோக்கிச் செல்லும் தடக்கற்களை நம் நகரங்களில் காணலாம். அவற்றை நம்பி நடப்பவரின் நெற்றியே அப்பிழையைக் கண்டறிகிறது.

செவிப்புலன் குறைந்தோரையும் மறத்தலாகாது. மணியோசையால் மாத்திரம் தீ விபத்தை அறிவிக்கும் கட்டிடம் அவர்களைக் கைவிட்டுவிடுகிறது. மின்னி மறையும் விளக்கும் உடன் இருத்தல் வேண்டும்.

பழஞ்சின்னங்களில் இவை பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். பொருந்தும். அங்கே கையாளும் விதி எளியது: பழைய கல்லில் துளையிடாமல், தேவைப்படின் பின்னர் அகற்றத்தக்க முறையில், சாய்தளத்தைத் தனியே நிறுத்துவது. ஹாக்கிங் வருகைக்குப்பின் வந்த ஆண்டுகளில் குதுப் மினார் வளாகத்தில் நிலையான சாய்தளங்கள் அமைந்தன. மினாரின் பெருமை அதனால் ஓர் அங்குலமும் குறையவில்லை.

"அமைக்கலாம்", "அமைக்க வேண்டும்"

2007-இல் இந்தியா, மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை உறுதி செய்தது. 2015 டிசம்பர் 3-ஆம் தேதி புது தில்லி விஞ்ஞான் பவனில் சுகம்ய பாரத் இயக்கம் தொடங்கப்பெற்றது. 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டம், பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. அளவுத் தரங்களை மீறும் வரைபடத்துக்குக் கட்டிட அனுமதி தரலாகாது என்றும், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டிடங்களை விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் சீர்திருத்த வேண்டும் என்றும் அது கூறுகிறது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். ஐந்தாண்டு முடிந்தது 2022 ஜூனில். சீர்திருத்தம் பெறாத கட்டிடங்களை வாசகர்கள் தத்தம் ஊரிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

பார்வைக் குறையுடையவரான ராஜீவ் ரத்தூரி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 2024 நவம்பர் 8-ஆம் தேதி முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. சட்டம் கட்டாயம் என்று கூறியிருக்க, விதிகளோ வழிகாட்டுக் குறிப்புகளை மாத்திரம் சுட்டிக்காட்டி அமைந்திருந்தன என்றும், அது சட்டத்துக்கு முரண் என்றும் நீதிபதிகள் கருதினர். எவ்விடத்தும் தளர்த்த இயலாத குறைந்தபட்ச விதிகளைத் தனியே வகுக்கும்படி மத்திய அரசாங்கத்துக்கு மூன்று மாத கால அவகாசமளித்தனர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு இத்தீர்ப்பின் சாரம் எளிதில் விளங்கும். அமைக்கலாம் என்பதற்கும் அமைக்க வேண்டும் என்பதற்கும் இடையேயுள்ள வேற்றுமையே அது. 1968-ஆம் ஆண்டுத் தரம் முதல் இதுவரை நடந்த பயணம் முழுவதையும், ஒரு வினைமுற்று மற்றொரு வினைமுற்றாக மாறிய வரலாறு என்று கூறினும் பொருந்தும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக் கட்டிடத்துக்குத் தடையற்ற வழி வேண்டும் என்று தன் அட்டவணையில் விதிக்கிறது. அன்றியும், நம் பள்ளிகளே தேர்தல் நாளில் வாக்குச் சாவடிகளாகின்றன. 2004-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது சுப்ரீம் கோர்ட்டு, வாக்குச் சாவடிகளில் மரச் சாய்தளங்கள் அமைக்கும்படி உத்தரவிட்டது. எனவே பள்ளி வாயிலில் சரியான சாய்தளம் ஒன்றைக் கட்டினால் அது வாரத்தில் ஆறு நாள் மாணவனுக்கும், ஐந்தாண்டுக்கொருமுறை குடிமகனுக்கும் பயன் தருகிறது.

அளக்கும் முறை எளிது. 120 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான சட்டம் ஒன்றையும் கொத்தனாரிடமுள்ள ரசமட்டத்தையும் எடுத்துக்கொள்க. சட்டத்தின் ஒரு நுனியைச் சாய்தளத்தின் மேற்பக்கத்தில் ஊன்றி, ரசமட்டத்தின் குமிழி நடுவே வரும்வரை மறுநுனியை உயர்த்துக. அந்நுனிக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளி 10 சென்டிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாயின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டுக்கு உட்பட்டது. அதற்கு மேற்பட்டால் தவறானது. எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டே ஒரு பிற்பகலில் தபாலாபீஸ், ஆரம்ப சுகாதார நிலையம், பஞ்சாயத்துக் காரியாலயம், நூலகம் ஆகியவற்றை அளந்துவிடலாம். கண்ட அளவுகளைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதி உரிய அதிகாரிக்கு அனுப்புக. வசதி போதவில்லை என்று எழுதுவதைவிட, சரிவு ஒன்றுக்கு ஐந்தாக உள்ளது, ஒன்றுக்குப் பன்னிரண்டாக வேண்டும் என்று எழுதுவது பலன் தரும். எண்ணுக்குப் பதில் கூறியே ஆகவேண்டும்.

இவ்வேலையில் மாற்றுத் திறனாளி ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்வது மிக அவசியம். பத்துப் பொறியியலாளர் கண்ணுக்குத் தப்பிய நிலைப்படியை அவருடைய சக்கரம் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும்.

கட்டியதைப் பேணுதலும் வேண்டும். சென்னை மெரினாக் கடற்கரையில், சக்கர நாற்காலியில் உள்ளோர் அலையருகே சென்று காணும்பொருட்டு 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை 2022 நவம்பர் 27-ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்று பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடல் நீரை அருகிருந்து கண்டனர். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அப்பாதையின் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. புயல் சிதைத்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தமையால் செப்பம் நடந்தது. ஆனால் சாய்தளத்தின் மீது நிறுத்திய சைக்கிளும், கழிப்பறையில் அடுக்கிய பழைய மேஜைகளும், பூட்டிய லிஃப்டும் கண்ணில் படாத புயல்களாகும். இவற்றை அகற்ற நிதி ஒதுக்கீடோ அரசாங்க உத்தரவோ தேவையில்லை.

தில்லிக்கு வந்த விஞ்ஞானிக்காக இட்ட பலகைகள், விருந்தினருக்காகச் செய்த உபசாரம். உபசாரம் நற்பண்பேயாயினும் அது விருந்தினருடன் வந்து விருந்தினருடன் செல்வது. வேப்பமர நிழலில் காத்திருந்த அம்முதியவர் விருந்தினர் அல்லர். அக்கட்டிடத்தின் உரிமையாளர்களுள் ஒருவர். பொதுக் கட்டிடம் என்னும் சொற்றொடரிலுள்ள பொது என்னும் சொல்லுக்கு முழுப் பொருள் கிட்ட, அவருடைய வாயிலில் இன்னும் 3 மீட்டர் 30 சென்டிமீட்டர் நீளம் குறைகிறது.